சத்தியபாமா வேண்டாம் என்று சொன்ன கல்லூரி

சத்தியபாமாவிடம் ஒரு பொருளை நல்லது என்று சொல்லிவிட்டு யாரும் இலேசில் தப்பிப் போய்விட முடியாது. ஏன் நல்லது, யார் சொன்னது, எப்போது பார்த்தது என்று மூன்று கேள்வி வரும். மூன்றுக்கும் பதில் சொன்னாலும் அவள் நம்புவாள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சிட்னியின் செவன் ஹில்ஸில் சமோசாவும் ரோல்ஸும் செய்து, உறைய வைத்து, கடைகளுக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. அதில் கடைசிப் பதினொரு வருடமும் தரம் பார்க்கிற வேலை. ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்த பெட்டிகளில் மேலே இருப்பதை எடுத்து மரியாதையாக நீட்டுவார்கள். அவள் கையால் தொடமாட்டாள். நடுவில் இருக்கிற பெட்டியை உருவச் சொல்வாள். அதற்காக முழு அடுக்கையும் இறக்க வேண்டி வந்தாலும் இறக்க வேண்டியதுதான். ஒருமுறை ஒரு முழு லொறிச் சரக்குக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, மனேஜர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நிற்க, சோற்றுப் பெட்டியைத் திறந்து ஆற அமரச் சாப்பிட்டவள் அவள்.

வீட்டிலும் இதே கதைதான். மகள் வினுஷாவை ஆறாம் வகுப்பில் டியூஷனுக்கு விட நினைத்தபோது, பெற்றோர் கூட்டத்துக்கு அவள் போகவே இல்லை. ஒரு சாதாரண வியாழக்கிழமை, வகுப்பு முடிகிற நேரத்தில் வாசலில் போய் நின்றாள். முதலில் ஓடி வந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை விட்டுவிட்டு, கடைசியாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த பையனைப் பிடித்து, “சேர் உன்னை ஏசுறவரோ, இல்லாட்டிக் கண்டுகொள்ளுறதே இல்லையோ?” என்று கேட்டாள். ஏசுவார் என்றான் பையன். மறுநாளே பிள்ளையைச் சேர்த்துவிட்டாள். ஏசுகிறவருக்கு அந்தப் பிள்ளை மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்பது அவளுடைய கணக்கு.

இப்படி எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிறவள், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பார்க்காமல் அப்படியே நம்பிக்கொண்டிருந்தாள். அது சிட்னித் தமிழர்கள் எல்லோரும் நம்புவதுதான். எந்த இடம் லேசில் உள்ளே விடமாட்டேன் என்கிறதோ, அந்த இடம்தான் நல்ல இடம். பள்ளிக்கூடமானாலும் சரி, பல்கலைக்கழகமானாலும் சரி, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேட்டால் போதும், தரம் தெரிந்துவிடும். அதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது?

பதினோராம் வகுப்பில் வினுஷா, தான் மியூசிக்கல் தியேட்டர் படிக்கப் போவதாகச் சொன்னாள். மேடையில் பாடியும் ஆடியும் நடித்தும் ஒரு முழுக் கதையைச் சொல்வதற்கு மூன்று வருடம் பயிற்சி கொடுக்கிற படிப்பு. அப்பா சிறி பஸ் ஓட்டுபவர். பிசியோதெரபி என்று மகளுக்கு அவர் எப்போதோ தீர்மானித்து வைத்திருந்தார். சத்தியபாமாவுக்கும் முதலில் விசர் பிடித்தாற்போல்தான் இருந்தது. ஒரு வாரம் மகளுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வருடம் பள்ளிக்கூட நாடகத்தில் வினுஷா மேடையின் நடுவில் தனியாக நின்று பாடினாள். பாட்டு முடிந்து விளக்கு அணைந்த பிறகுதான் சத்தியபாமாவுக்குத் தெரிந்தது, கையில் இருந்த போனில் பதிவு செய்யவே மறந்துபோனாள் என்று. நம் பெற்றோர் பிள்ளையின் நிகழ்ச்சியைப் போனில் பிடிக்க மறப்பது சாதாரண விஷயமல்ல. அன்றோடு அவள் மகளின் பக்கம் வந்துவிட்டாள்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. நான் படிப்பு என்ன எண்டு கேக்கிறன்” என்றார் சிறி.

“இதுதான் படிப்பு.”

“உமக்கென்ன விசரே பாமா?”

“மெடிசினுக்கு எத்தினை பேரை எடுக்கிறாங்கள்? இருநூறு பேர் வரும். இதுக்கு எத்தினை பேர் தெரியுமே? பதினெட்டுப் பேர். அறுநூறு பேர் போய்ப் பாடி, ஆடி, நடிச்சுக் காட்டி, அதில பதினெட்டுப் பேர். இப்ப சொல்லுங்கோ, எது கஷ்டம்?”

மெடிசினை விடக் கஷ்டமான ஒன்று இந்த உலகத்தில் இருக்கும் என்று சிறி கனவிலும் நினைத்ததில்லை. மூன்றாம் நாள் பஸ் டிப்போவில் அதைத் தானே கண்டுபிடித்தவர்போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாண வீடு, பிறந்தநாள் விருந்து எங்கே போனாலும், “ஐயோ, கூத்தாடவா விடப் போறியள்?” என்று கேட்டவர்களின் வாயையெல்லாம் சத்தியபாமா இந்த ஒரு வசனத்தைக் கொண்டே அடைத்தாள்.

அடுத்த வருடம் நவம்பர் மாதம், பாடி நடித்துக் காட்டும் தேர்வெல்லாம் முடிந்து, இரண்டு இடங்களிலிருந்து வினுஷாவுக்கு அழைப்பு வந்தது. ஒன்று சிட்னியில் உள்ள, எல்லோரும் பெயர் சொல்கிற அந்தப் பதினெட்டுப் பேர் கல்லூரி. மற்றது மெல்பேர்னில், யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன இடம். பழைய அச்சகக் கட்டடம் ஒன்றில் நடப்பது. நூற்றைம்பது பேர் போனால் முப்பது பேரை எடுப்பார்கள். பெரிய கல்லூரிக்கு இரண்டு வாரத்துக்குள், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு முன், வருகிறேனா இல்லையா என்று பதில் சொல்லிவிட வேண்டும். சத்தியபாமாவுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஞாயிறே ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் போய் மகளின் பெயரில் அர்ச்சனை செய்தார்கள். கன்ரீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது, தமிழ்ப் பள்ளிக்கூடத் தலைவர் கோபாலகிருஷ்ணன் முன்னால் நின்றார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைப் பரிசளிப்பு விழாவில் மேடைக்கு அழைத்து, அடுத்து என்ன படிக்கப் போகிறார்கள் என்று வாசிப்பது அவருடைய வழக்கம். சத்தியபாமா அங்கேயே கைப்பையில் இருந்து பேனையை எடுத்து, ஒரு துண்டில் எல்லாவற்றையும் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டாள். அறுநூறு, பதினெட்டு என்ற எண்களுக்குக் கீழே கோடும் போட்டாள்.

திரும்பி வரும் வழியில், பின் சீட்டில் இருந்த வினுஷா, “எனக்கு அங்க போக விருப்பமில்லை அம்மா” என்றாள்.

“எங்க?”

“அந்தப் பெரிய இடத்துக்கு. ஐம் சீரியஸ்.”

சிறி பஸ்காரர், திடீரென்று பிரேக் போடுகிற ஆள் இல்லை. ரேடியோவை மட்டும் நிறுத்தினார்.

“ரெண்டு பாட்டுப் பழகிக்கொண்டு போனனான்” என்றாள் வினுஷா. “ஆறு மாசமாப் பழகினது. முதல் பாட்டைப் பாதியில நிப்பாட்டிட்டினம். உன்ர கல்ச்சர்ல ஏதாவது பாடு எண்டு கேட்டினம். வேற ஒருத்தரிட்டையும் அப்பிடிக் கேக்கேல்ல. எனக்கு முன்னுக்குப் போனவளிட்டையும் கேக்கேல்ல, பின்னுக்கு வந்தவனிட்டையும் கேக்கேல்ல.”

“நீ என்ன பாடினனி?”

“தமிழ்ப் பள்ளிக்கூடத்தில நாலு வயசில சொல்லித் தந்த கடவுள் வாழ்த்து. வேற என்ன தெரியும் எனக்கு? கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிசி அழுதா.”

“அழுதவவோ? அப்ப நல்லாத்தானே பாடியிருக்கிறாய்!”

“அம்மா, நர்சரிப் பிள்ளையும் பாடும் அதை. அதுக்குப் போய் பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல் எண்டினம். நான் பழகின பாட்டை ஒருத்தரும் முழுசாக் கேக்கேல்ல.”

“மெல்பேர்னில மட்டும் என்னவாம்?”

“அங்க ஒருத்தரும் பியூட்டிஃபுல் எண்டு சொல்லேல்ல. ஒரே வரியைப் பதினொரு தரம் பாட வைச்சினம். வரியின்ர கடைசிச் சொல்லை விழுங்குறாய், மூச்சை முன்னுக்கே செலவழிச்சுப் போடுறாய் எண்டு ஒரே ஏச்சு. எனக்கு அழுகை வந்திட்டுது. ஆனா பன்னிரண்டாம் தரம் சரியா வந்துது அம்மா. எனக்கே கேட்டுது.”

சத்தியபாமா வாய்விட்டுக் கத்தினாள். அஞ்சு பேருக்கு ஒருத்தரை எடுக்கிற இடமும் ஒரு இடமா, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி எந்த முகத்தோடு வெளியில் போவது என்று ஹெலன்ஸ்பர்க் காட்டு ரோட்டில் இருந்து செவன் ஹில்ஸ் வீட்டு வாசல் வரை அவள் வாய் ஓயவில்லை. வினுஷா தலையைக் குனியவில்லை. கார் நின்றதும், “நீங்கள்தானே அம்மா எதையும் பாத்துப்போட்டு நம்புறனீங்கள். அங்க நீங்கள் என்ன பாத்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அது சுருக்கென்று தைத்தது. பார்த்தோமே என்று சொல்லலாம்தான். ஆகஸ்ட் மாதம் அந்தக் கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிற ஓப்பன் டேக்கு மூவரும் போனார்கள். பலூன் கட்டியிருந்தார்கள், இலவசமாகத் துணிப்பை கொடுத்தார்கள், ஒரு கறுத்த, அழகான இந்தியப் பெண் சிரித்துச் சிரித்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். யோசித்துப் பார்த்தால் அது அவர்களாகவே எடுத்து நீட்டிய மேல் பெட்டிதான். பதினொரு வருடம் தொழிற்சாலையில் கைபடாத பெட்டியை, மகளின் விஷயத்தில் இரண்டு கையாலும் வாங்கி வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் அந்தப் பெரிய கல்லூரிக்கு ட்ரெயின் ஏறினாள். மகள் சொன்னது பொய் என்று அவள் நினைக்கவில்லை. பிள்ளை பயந்துபோய்ச் சொல்கிறாள், நேரில் பார்த்து வந்து பயத்தைத் தெளிவிக்கலாம் என்றுதான் நினைத்தாள்.

முன் மேசையில் இருந்தவன் உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. நீளமான நடைக்கூடச் சுவர் முழுவதும் கல்லூரி போட்ட நாடகங்களின் படங்கள் வருடவாரியாக மாட்டியிருந்தன. முதல் படத்தில் இருந்து கடைசிப் படம் வரை நடந்தாள். பிறகு திரும்பி, மறுபடியும் முதலில் இருந்து நடந்தாள். நடுவில் நிற்பவர்கள், பக்கத்தில் நிற்பவர்கள், ஓரத்தில் நிற்பவர்கள். பன்னிரண்டு வருடப் படங்களில், மகளின் நிறத்தில் ஒரு பிள்ளை நடுவில் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. கடைசி மூன்று வருடப் படங்களிலும் ஓரத்தில் ஒரே முகம் இருந்தது. ஓப்பன் டேயில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரிந்த அதே பெண்.

அந்தப் பெண்ணே படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் ப்ரீத்தி. அப்பா அம்மா சென்னையில் இருந்து வந்தவர்கள், அவள் பிறந்தது இங்கே. சத்தியபாமா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னாருடைய தாய், இன்ன விஷயம் என்று நேராகச் சொன்னாள்.

“கல்லூரிப் புத்தகத்தின்ர மட்டையில இருக்கிறது நீர்தானே பிள்ளை?”

“ஆமா ஆன்ட்டி, ப்ரோஷர்ல நான்தான். வெப்சைட்லயும் நான்தான். பஸ் ஸ்டாப்ல போஸ்டர் பாத்தீங்களா? அதுவும் நான்தான்.”

“மேடையில?”

ப்ரீத்தி டப்பாவை மூடினாள். “முதல் வருஷம் வேலைக்காரி. ரெண்டாவது வருஷம் ஜோசியக்காரி. இந்த வருஷம் கூட்டத்துல ஒருத்தி. ஆனா ஹீரோயினுக்கு அண்டர்ஸ்டடியும் நான்தான். அவளுக்கு முடியாம போச்சுன்னா அவ இடத்துல போய் நிக்கணும்.”

“நிண்டனீரோ?”

“அவளுக்கு ஒரு தடவை நிஜமாவே காய்ச்சல் வந்துச்சு ஆன்ட்டி. எனக்கு எல்லாப் பாட்டும் தெரியும், எல்லா ஸ்டெப்பும் தெரியும். டிரெஸ்கூடத் தச்சு வச்சிருந்தாங்க. கடைசியில, போன வருஷம் முடிச்சிட்டுப் போன ஒரு பொண்ணைக் கூப்பிட்டு நிறுத்திட்டாங்க. கேட்டதுக்கு, பாத்திரத்தோட லுக் மாறக் கூடாதுன்னாங்க.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“என்ன சொல்றது? தேங்க் யூன்னு சொன்னேன்.”

சத்தியபாமாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “தேங்க் யூவோ!” என்றாள். படிக்கட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“பொய் சொல்லக் கூடாது ஆன்ட்டி, கிளாஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். டான்ஸ்லாம் சூப்பரா சொல்லித் தருவாங்க. உங்க பொண்ணு நல்லா வருவா.” ப்ரீத்தி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். “அடுத்த வருஷம் ப்ரோஷர்ல அவதான்.”

சத்தியபாமா நேரே துறைத் தலைவியின் அறைக்குப் போனாள். அலிசன் என்ற அந்த அம்மாள் நல்ல மனுஷிதான். எழுந்து வந்து கைகுலுக்கி, வினுஷாவின் குரலைக் கேட்டுத் தன் கண்கள் கலங்கியதைச் சொன்னார். அந்தப் பிரார்த்தனைப் பாட்டை இன்னும் மறக்க முடியவில்லை என்றார். சத்தியபாமா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கடந்த பன்னிரண்டு வருடத்தில் என் மகளின் நிறத்தில் எத்தனை பிள்ளைகளை நடுவில் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள்.

அலிசன் மென்மையாக, அதற்கான பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார்.

“எந்த வருஷம் போய்ச் சேருவீர்கள்?” என்றாள் சத்தியபாமா. “என் மகளுக்கு இருப்பது மூன்று வருடம்தான்.”

அலிசன் கதவு வரை வந்து, மறுபடியும் கைகுலுக்கினார்.

வீட்டுக்கு வரும் ட்ரெயினில் சத்தியபாமாவுக்குக் கோபத்தை விட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. அறுநூறு, பதினெட்டு என்று எத்தனை வீட்டில், எத்தனை பேரிடம், எவ்வளவு தலைக்கனத்தோடு சொன்னாள்! உள்ளே போவது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டாளே தவிர, போன பிறகு பிள்ளையை எங்கே நிறுத்துவார்கள் என்று ஒருநாளாவது கேட்டாளா? சமோசாவுக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லையே என்று நினைத்தபோது கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, மெல்பேர்ன் கிளேட்டனில் ஆராய்ச்சி வேலை செய்கிற தம்பி துஷாந்தைப் போனில் கூப்பிட்டாள்.

“நீ அந்த அச்சகக் கட்டடத்துக்குப் போ. சொல்லிப்போட்டுப் போகாதை.”

“அக்கா, எனக்கு வேலை இருக்கு. நான் போய் என்னத்தைப் பாக்கிறது? எனக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்?”

“பாட்டைக் கேக்கச் சொல்லேல்ல. ஆர் நடுவில நிக்கினம், ஆர் ஓரத்தில நிக்கினம் எண்டு பாத்துக்கொண்டு வா.”

அக்காவிடம் வாதாடி வென்ற சரித்திரம் துஷாந்துக்கு இல்லை. வியாழக்கிழமை அங்கே மாணவர்களின் நாடகம் இருந்தது. டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தான். மறுநாள் காலை போன் எடுத்தான்.

“கதிரை உடைஞ்சது அக்கா, முதுகு நோகுது. கூரை ஒரு பக்கம் ஒழுகுது, வாளி வைச்சிருக்கினம். ஒரு பெடியனுக்குச் சுருதியே சேரேல்ல.”

“நடுவில?”

“நடுவில ஒரு வியட்நாம் பெட்டை. குள்ளம். ஆனா வாயைத் திறந்தாள் எண்டால் அந்த ஒழுகிற கூரையும் தெரியேல்ல, ஒண்டும் தெரியேல்ல. முடிஞ்ச பிறகு அவளோட கதைச்சனான். போன வருஷம் அவள் கூட்டத்தில ஒருத்தியாம். அவையளிட்ட ஒரு சட்டம் இருக்கு அக்கா. மூண்டு வருஷத்தில ஒவ்வொரு பிள்ளையும் ஒருக்கா எண்டாலும் நடுவில நிக்கவேணுமாம். சுருதி சேராட்டியும்தான்.”

“அப்ப அந்தப் பெடியன்?”

“அவன்தான் இந்த முறை கதாநாயகன்.”

சத்தியபாமா நீண்ட நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

சத்தியபாமா எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது சிறி சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் டியூட்டி முடிந்து யூனிபோமோடு சாப்பாட்டு மேசையில் இருந்தார். மேசைக்கு மறுபக்கம் வினுஷா லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

“டிப்போ முழுக்கச் சொல்லிப்போட்டன் பாமா. பஞ்சாபிக்காரன் லட்டுக் கொண்டுவந்து தந்தவன். இப்ப போய் அவங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது? லேசான இடத்துக்குப் போறாள் எண்டோ?”

“என்ர மனிசி பிழை விட்டிட்டாள் எண்டு சொல்லுங்கோ. என்ர பேரைச் சொல்லியே சொல்லுங்கோ. லட்டுக்கு நான் ரோல்ஸ் சுட்டுத் தாறன், கொண்டுபோய்க் குடுங்கோ.”

“பகிடி விடாதையும். மெல்பேர்னில படிச்சுப்போட்டு நாளைக்கு வேலை கிடைக்காட்டி?”

“சிட்னியில படிச்சாலும் கிடைக்குமெண்டு ஆர் எழுதித் தந்தவை? கிடைக்காமப் போகலாம் அப்பா” என்றாள் வினுஷா. “ஆனா நான் பாடத் தெரிஞ்ச ஆளா வெளியில வருவன். மூண்டு வருஷம் போஸ்டருக்குச் சிரிச்ச ஆளா வரமாட்டன்.”

நாலு மணி நாற்பதுக்கு வினுஷா வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினாள். உண்மையிலேயே வேண்டாமா என்று கல்லூரி இன்னொரு முறை கேட்டது. அதற்கும் அழுத்தினாள். சத்தியபாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

இந்த அமளியில், கோயில் கன்ரீனில் எழுதிக் கொடுத்த துண்டை அவள் அடியோடு மறந்துபோனாள். மறுநாள் சனிக்கிழமை பரிசளிப்பு விழா. மண்டபம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்கு ஏறியது. இன்ஜினியரிங், ஃபார்மசி, சட்டம் என்று கோபாலகிருஷ்ணன் வாசிக்க வாசிக்கச் சனம் அளவாகக் கைதட்டியது. வினுஷாவின் முறை வந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குரலை உயர்த்தினார்.

“அடுத்தது செல்வி வினுஷா! சிட்னியிலேயே மிகப் புகழ்பெற்ற கலைக் கல்லூரிக்குத் தெரிவாகியிருக்கிறார். அறுநூறு பேரிலே பதினெட்டுப் பேர்! கவனியுங்கள், பதினெட்டே பதினெட்டுப் பேர்! மெடிசினை விடக் கஷ்டம்!”

அன்று யாருக்கும் கிடைக்காத கைதட்டல் அது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி, மூன்றாவது வரிசையில் இருந்த சத்தியபாமாவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பேசாமல் இருந்துவிட்டால் அத்தோடு போய்விடும். மெல்பேர்ன் விஷயம் ஊருக்குத் தெரிய மூன்று மாதமாகும், அதற்குள் ஊருக்கு வேறு கதை கிடைத்துவிடும். பக்கத்தில் இருந்த சிறி காதோடு, “இரும் பாமா, பேசாமல் இரும்” என்றார். மேடையில் மெடலோடு நின்ற வினுஷா தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தியபாமா எழுந்தாள். நாலு பேரின் முழங்காலைத் தாண்டி, மேடைப் படி ஏறி, கோபாலகிருஷ்ணனின் கையில் இருந்த மைக்கை வாங்கினாள். அவர் நன்றியுரை சொல்லப் போகிறாள் என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு கொடுத்தார்.

“அண்ணை வாசிச்சது பிழை. அவரில பிழை இல்லை, நான்தான் அப்பிடி எழுதிக் குடுத்தனான். பிள்ளை அந்த இடத்தை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. மெல்பேர்னில வேற ஒரு இடத்துக்குப் போறா. அங்க நூற்றைம்பது பேருக்கு முப்பது பேரை எடுக்கிறவை.”

எண்ணிக்கையை வேண்டுமென்றேதான் சொன்னாள். மண்டபத்தில் கைதட்டல் அப்படியே அறுந்து போனது. “ஐயோ, ஏன்?” என்று யாரோ ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டாள்.

“ஏனெண்டு சொல்லுறன். மெடிசினை விடக் கஷ்டம் எண்டு உங்கள் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சது நான். உள்ள போறது கஷ்டமோ லேசோ எண்டுதான் பாத்தனான். போனாப் பிறகு பிள்ளையை எங்க நிப்பாட்டுவினம் எண்டு பாக்கேல்ல. இப்ப போய்ப் பாத்தனான். ஓரத்தில நிப்பாட்டிப்போட்டுப் புத்தக மட்டையில மட்டும் நடுவில போடுவினம். அதுக்கு நான் பிள்ளையைப் பெறேல்ல.” மூச்சு வாங்கியது. “என்னைப் பாத்துச் சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ. பிள்ளையைப் பாத்துச் சிரிக்கவேண்டாம். இதைக் கண்டுபிடிச்சது அவள்தான், நானில்லை.”

கோபாலகிருஷ்ணனுக்கு ஒரு மண்டபம் அமைதியாக இருந்தால் பொறுக்காது. அவர் அவசரமாக முன்னால் வந்து, “சரி சரி, எல்லாம் நன்மைக்குத்தான். பிள்ளை இப்ப எங்களுக்கெண்டு ஒரு பாட்டுப் பாடட்டும். ஒரு தேவாரம், கல்ச்சரலா ஏதாவது” என்றார்.

அங்கிள் கேட்டால் பிள்ளை பாட வேண்டும். பிள்ளை மறுத்தால், தாய் கண்ணை உருட்டிப் பாட வைக்க வேண்டும். சத்தியபாமாவும் வினுஷாவை எத்தனையோ வீட்டு வரவேற்பறையில், எத்தனையோ கேக் வெட்டுகளில் அப்படிப் பாட வைத்தவள்தான். வினுஷா தாயின் கையில் இருந்த மைக்கை எடுத்துக்கொண்டாள்.

“இண்டைக்குப் பாடேல்ல அங்கிள்” என்றாள். “எனக்கு ரெண்டு பாட்டு இருக்கு. ரெண்டையும் முதலில இருந்து கடைசி வரைக்கும் கேக்கிறதெண்டால் மெல்பேர்னுக்கு வாங்கோ. டிக்கெட் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

பின் வரிசையில் இருந்த இளசுகளில் ஒருவன் விசிலடித்தான். கோபாலகிருஷ்ணன் சிவந்துபோன முகத்தோடு சத்தியபாமாவைப் பார்த்தார். இப்போது தாய் தன் வேலையைச் செய்வாள் என்று மண்டபமே காத்திருந்தது.

“பிள்ளை சொன்னது கேட்டதுதானே அண்ணை” என்றாள் சத்தியபாமா. “அங்க பின் வரிசையில கதிரை உடைஞ்சிருக்காம். முன் வரிசையிலயே பதிஞ்சு வையுங்கோ.”

சொல்லிவிட்டு மகளின் கையில் இருந்த மைக்கை வாங்கி, நிறுத்தி, அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.